கூவுனா நில்லு

கால் உன்னுடையது, கால் பழகினது முதலாளியுடையது.

பெரிய கோர்ட்டில் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்துச் சொன்ன தீர்ப்பு இது. டீக்கடை டிவியில் இதைக் கேட்ட எத்திராஜ் வாயிலிருந்த வெற்றிலையை ரோட்டில் துப்பினார். "இத்த சொல்றதுக்கா இவனுங்கள பெத்தவன் ஃபீஸு கட்டிப் படிக்க வெச்சான்?" என்றார்.

அவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. வாழ்க்கை முழுக்க ஹார்பரில் மூட்டை தூக்கினார். மூட்டை தூக்க மெஷின் வந்தபோது ஸ்ட்ரைக் செய்தார். அந்த ஸ்ட்ரைக்கில் எல்லாரையும்விட உரக்கக் கத்திய தலைவன், கடைசியில் அதே மெஷினுக்கு கான்ட்ராக்ட் எடுத்துக் கார் வாங்கினான். அன்றிலிருந்து மைக் பிடிக்கிற எவனையும் அவர் நம்புவதில்லை. கோட்டுப் போட்டவனை அதற்கு முன்னாலும் நம்பியதில்லை.

தீர்ப்பு அவர் வீட்டுச் சங்கதி. மகன் கஜேந்திரன், வியாசர்பாடிக்குக் கஜா, 'வடசென்னை சுறா' ஃபுட்பால் டீமில் முன்வரிசை ஆட்டக்காரன். லீக்கில் எட்டு டீம், எட்டு முதலாளி. சுறாவின் முதலாளி இறால் ஏற்றுமதி செய்கிறவர். ஆளையும் இறாலையும் ஒரே தராசில் நிறுக்கிறவர்.

பயிற்சியின்போது ஆட்டக்காரர்கள் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஒரு கறுப்பு உறை போட்டுக்கொள்வார்கள். தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். பாம்புச் சட்டை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கால் எப்படி ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எந்த நரம்பு எப்போது, எந்தச் சத்தத்துக்குச் சுண்டுகிறது என்று எல்லாவற்றையும் அது குடித்து வைத்துக்கொள்ளும். அடிபட்டுப் படுத்து எழுந்தவனுக்கு மறுபடி மாட்டினால், குடித்ததைக் காலுக்கே திருப்பி ஊட்டும். மறந்த ஆட்டம் திரும்பி வரும். வைத்தியம் என்றுதான் முதலில் கொண்டுவந்தார்கள். வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு வந்த எதுதான் வைத்தியமாகவே நின்றிருக்கிறது?

முட்டி தேய்ந்து ஒருவன் வீட்டுக்குப் போன பிறகு, அவன் காலின் பழக்கத்தை இன்னொருவன் காலில் மாட்டி ஆட விட்டார்கள். தேய்ந்தவன் வீட்டில் உட்கார்ந்து தன் ஆட்டத்தைத் தானே டிவியில் பார்க்கலாம். அவ்வளவுதான் அவனுக்கு மரியாதை. எங்கள் பழக்கம் எங்களோடு வரவேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வந்ததும் ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஸ்டேடியம் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதலாளிகள் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுறா டீமின் ஆபீசர் ஹரீஷ், ஸ்வீட் பாக்ஸோடு எத்திராஜ் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தான், உட்காரச் சொல்வதற்கு முன்பே பாயில் உட்கார்ந்தான். இப்படிப் பணிவாக உட்காருகிறவனை எத்திராஜ் மைக் பிடிக்கிறவனைவிடக் குறைவாக நம்புவார்.

உள்ளே கஜாவும் அவன் கூட்டாளி தாமுவும் இருந்தார்கள். கஜாவோடு சின்ன வயதிலிருந்து ஆடியவன். ஆடினான் என்று சொல்வதைவிட, கூடவே ஓடினான் என்று சொல்லலாம். பந்து அவன் காலில் ஒரு நாளும் நின்றதில்லை. பெயிண்டடிக்கிற வேலை. பந்தலுக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுப்பவன் அவன்தான்.

"கஜா, நீங்க மட்டும் வந்துடுங்க," என்றான் ஹரீஷ். "மத்தவங்கள விடுங்க. உங்களுக்குத் தனியா பேசலாம்."

"தனியா பேசறதுனா எங்க, முதலாளியோட பாத்ரூம்லயா?" என்றார் எத்திராஜ்.

"நைனா, சும்மா இரு." கஜா ஹரீஷைப் பார்த்தான். "சார், நாங்க கேக்கறது ஒண்ணுதான். எங்க பழக்கம் எங்களுக்கு."

"அது உங்க கிட்டத்தானே இருக்கு. நாங்க ஒரு காப்பி வெச்சிருக்கோம். அவ்வளவுதான்."

"காப்பிய வெச்சு இன்னா பண்ணுவீங்க?"

ஹரீஷ் லட்டு ஒன்றை எடுத்துத் தானே கடித்தான். "நீங்க வரலைன்னாலும் சீசன் நடக்கும் கஜா. ஆளுங்க ரெடி. அவங்க காலுக்கு உங்க சட்டை. முகத்துக்கு மாஸ்க். டிவில பாக்கறவங்களுக்கு உங்க முகமே தெரியும். முதுகுல உங்க பேரு. ஜனங்களுக்குப் பேருதான் வேணும்."

"ஆளுங்கன்னா? ஆட்டக்காரங்களா?"

"ஆட்டக்காரங்களா இருக்கணும்னு இல்லை. யாரு வேணா மாட்டிக்கலாம். காலுதான் ஆடும்."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த தாமு கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப எனக்கு மாட்டுனாலும் கஜா மாரி ஆடுவனா சார்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கஜா சிரித்தான், எத்திராஜுகூடச் சிரித்தார். "உனக்கு ஆனையோட காலை மாட்டுனாலும் பந்து வெளியதான்டா போவும்," என்றார். தாமுவும் சிரித்தான். ஹரீஷ் மட்டும் சிரிக்காமல், தாமுவின் கால்களைக் கடைக்காரன் துணியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

கிளம்பும்போது, "யோசிங்க," என்றான்.

"ஸ்வீட்டை எடுத்துகினு போ," என்றார் எத்திராஜ். "நாயி திங்கும், அதுக்கும் வாந்தி வரும்."

சீசன் தேதி அறிவித்துவிட்டார்கள். பந்தலில் கூட்டம் குறைந்தது. சங்கத் தலைவர் என்று ஒருவர் இருந்தார், பழைய ஆட்டக்காரர். காலையில் கூலிங்கிளாஸோடு வந்து ஒரு பேச்சு, சாயந்திரம் ஏசி ரூமில் முதலாளிகளோடு ஒரு பேச்சு. எத்திராஜ் அவர் பேசும்போதெல்லாம் முதுகைக் காட்டி உட்காருவார். தாமுவும் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய பெயிண்டிங் வேலை, வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். டீ வாங்க ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் கஜா அப்பாவைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"நைனா, நம்ம யார்டு கிரவுண்டுல ரயிலு கூவுனா இன்னா பண்ணுவோம்?"

"நிப்போம். இன்னாடா கேள்வி இது?"

"பந்து கால்ல இருந்தா?"

"மேல கால வெச்சுகினு நிப்போம். ஏன், மறந்துட்டியா?"

"நான் மறக்கல. என் காலும் மறக்கல."

வியாசர்பாடியில் யார்டு கிரவுண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மேற்குப் பக்க கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் பத்தடியில் கூட்ஸ் லைன் போகிறது, நடுவில் சுவர் கிடையாது. கஜா பிறப்பதற்கு முன்னால் ஒரு பையன் பந்துக்குப் பின்னால் ஓடினான். பந்து கிடைத்தது. அவனைப் பொறுக்கத்தான் கோணி தேவைப்பட்டது. அன்றிலிருந்து எஞ்சின் கூவினால் ஆட்டம் நிற்கும். பந்து வைத்திருக்கிறவன் அதன்மேல் காலை வைக்கவேண்டும், மற்றவன் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் மூச்சு விடலாம், நகரக்கூடாது. எதிரே கோல் திறந்து கிடந்தாலும் நிற்கவேண்டும். வெளியூர் டீம்கள் சிரிக்கும். சிரிக்கட்டும். நடக்கப் பழகுகிற குழந்தைகூட அந்தத் தெருவில் எஞ்சின் கூவினால் அப்படியே நிற்கும். கூவுனா நில்லு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

சுறா டீமில் ஏழு பேர் அந்த கிரவுண்டில் வளர்ந்தவர்கள்.

"போன வருசம் விளம்பரத்துக்குன்னு சட்டைய மாட்டிகினு யார்டுல ஆடுனோமே," என்றான் கஜா. "நடுவுல கூட்ஸு வந்துச்சு. ஏழு பேரும் நின்னோம். சட்ட அத்தயும் குடிச்சிருக்கும் நைனா. அவனுங்களுக்குத் தெரியாது."

லோகோ ஷெட்டில் இருந்த ஒரு கூட்டாளி காற்றுக் குப்பியோடு சின்ன ஹாரன் ஒன்று செய்து தந்திருந்தான். கூட்ஸ் எஞ்சின் குரல் அச்சாக வரும். ஸ்டேடியத்துக்குள் ரசிகர்கள் சங்கும் தாரையும் ஊதுகிற இடத்தில் இதை யார் கேட்கப் போகிறார்கள்?

"ஸ்டேடியம் கேட்டுல இருக்கற மெஷினு எங்க மூஞ்சிய புடிச்சிரும். உன் மூஞ்சி அதுக்குத் தெரியாது."

"என் மூஞ்சி எவனுக்குத்தான் தெரியும்?" எத்திராஜ் ஹாரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சட்டைய மாட்டிகினு வரான் பாரு, அவனுக்கு இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்? நிப்பான். நின்னா யாருக்கு இன்னா நைனா? நாம நின்னதே இல்லியா? ஆட்டம் நாறிப்போவும். இது மனுசன் இல்ல, எங்க கிட்ட திருடுன காலுன்னு உலகமே பாக்கும்."

எத்திராஜுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த கிரவுண்டில் நின்று எவனுக்கும் அடிபட்டதில்லை. நிற்பது காப்பாற்றும், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சீசனின் முதல் ஆட்டத்தன்று ஸ்டேடியம் நிறைந்திருந்தது. அதுதான் எத்திராஜுக்கு முதல் அடி. பந்தலைத் தாண்டித்தான் எல்லாரும் உள்ளே போனார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, அவர்கள் பேர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, அவர்கள் வயிற்றில் அடிக்கிற ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள். பிள்ளை குட்டியோடு. பாப்கார்னோடு.

சாமான்ய ஜனங்களின் கேலரியில் உட்கார்ந்தார். சுறா டீம் இறங்கியது. தோல் நிறத்தில் மாஸ்க் போட்ட பதினொரு மொட்டை முகங்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் ஓட்டை. மேலே பெரிய திரையில் அந்த மொட்டை முகங்களின் மேல் நிஜ முகங்கள் ஒட்டியிருந்தன. கஜா திரையில் பல் தெரியச் சிரித்தான். கஜா அப்படிச் சிரிக்கவே மாட்டான், அவனுக்கு முன்பல் கோணல். பல்லை நேராக்கியிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. முதுகில் கஜா பேர் போட்ட பத்தாம் நம்பர் பந்தை வாங்கினான், இடது குதிகாலைத் தரையில் ஒரு தேய் தேய்த்தான், திரும்பினான். எத்திராஜ் முன்னால் குனிந்து பார்த்தார். அந்தத் தேய்ப்பு அவர் வீட்டுத் தேய்ப்பு. கஜா தவழ்ந்து எழுந்த நாளிலிருந்து வாசப்படி ஏறும்போது அப்படித் தேய்ப்பான், அவன் அம்மா திட்டுவாள். அந்தக் கால் இப்போது எவனோ ஒருவன் இடுப்புக்குக் கீழே. மேலே உடம்பு தடுமாறியது, கை காற்றில் அலைந்தது. கீழே கால் மட்டும் கஜாவாக ஓடியது. மாட்டுத் தலையை ஆட்டு உடம்பில் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அப்படியும் இரண்டு பேரை ஏமாற்றி அந்தக் கால் உள்ளே புகுந்தபோது, எத்திராஜ் எழுந்து நின்று, "அடிறா கஜா!" என்று கத்திவிட்டார். பிள்ளை ஆடும்போது ஒரு நாளும் வாய் திறந்து பாராட்டாத மனிதர். கத்திய வாயை அவரே அறைந்துகொண்டார். தூ. இதற்குத்தானே இவனுங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்கள்.

பையிலிருந்து ஹாரனை எடுத்தார். பத்தாம் நம்பர் மறுபடி பந்தோடு பறந்து வந்துகொண்டிருந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். எத்திராஜ் அழுத்தினார்.

கூட்ஸ் எஞ்சின் ஸ்டேடியத்துக்குள் கூவியது.

ஏழு ஜோடிக் கால்கள் நின்றன. நடு மைதானத்தில், ஓரத்தில், ஓடிக்கொண்டிருந்தவை ஆணியடித்த மாதிரி நின்றன. மேலே உடம்புகள் என்னவென்று தெரியாமல் கையை விசிறின. பத்தாம் நம்பரின் வலது கால் பந்தின்மேல் ஏறி நின்றது. முழு ஓட்டத்தில் வந்த உடம்பு நிற்கவில்லை. கஜாவின் முட்டி என்றால் தாங்கும், அத்தனை வருடம் பழக்கிய முட்டி. இது எவன் முட்டியோ. எத்திராஜ் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் சத்தம் கேட்டது, காய்ந்த மூங்கிலை முட்டியில் வைத்து ஒடித்த சத்தம்.

அவன் விழுந்தான். விழுந்த பிறகும் ஒடிந்த கால் பந்தைத் தேடி அதன்மேல் ஏறப் பார்த்தது. சட்டைக்கு எலும்பு ஒடிந்தது தெரியாது.

எதிர் டீமின் கால்களுக்கு ரயிலும் தெரியாது, மயிரும் தெரியாது. ஒருவன் வந்தான், அலறிக்கொண்டிருந்தவன் காலுக்கடியிலிருந்து பந்தை உருவினான், நின்றுகொண்டிருந்த ஆறு பேர் நடுவே உருட்டிக்கொண்டு போய் கோல் அடித்தான்.

ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. மாஸ்க்கைக் கழற்றினார்கள். கேலரியிலிருந்து பார்த்தபோதே எத்திராஜுக்குத் தெரிந்துவிட்டது. காதோரத்தில் இன்னும் போகாத நீலப் பெயிண்ட்.

தாமு.

கையில் ஹாரனோடு எத்திராஜ் நின்றுகொண்டே இருந்தார். போலீஸ் வந்து பிடிக்கிற வரைக்கும் அதை ஒளிக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் தாமு மயக்கம் தெளிந்ததும் கஜாவைத்தான் கேட்டான். கஜா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். திட்டத்தான் வந்திருந்தான்.

"ஏன்டா? துட்டுக்கா?"

"அய்ய, துட்டு வேணும்தான். அதுக்கில்ல மச்சான்." தாமு கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒரே ஒரு தபா பந்து என் கால்ல நிக்கணும்டா. நிக்குதான்னு பாக்கணும். நின்னுச்சுடா. ரெண்டு பேர கட் அடிச்சேன், பாத்தியா? நைனா பாத்துதா?"

கஜா வெளியே வந்தபோது வராந்தாவில் ஹரீஷ் நின்றிருந்தான். இந்த முறை ஸ்வீட் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் எத்திராஜை ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். கஜா வெளியே பைக்கோடு நின்றான்.

"எப்படிடா உட்டானுங்க? கொலை முயற்சின்னு எழுதிகினு இருந்தானே?"

"கேஸு இல்லன்னு முதலாளி சொல்லிட்டாரு. தாமு காலுக்கு வைத்தியமும் அவங்களே பாத்துக்கறாங்க."

"நீ இன்னா குடுத்த?"

கஜா பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

"நாளைலேருந்து பிராக்டிஸு."

எத்திராஜ் ரோட்டில் துப்பினார். மகனைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று அவருக்கே தெரியவில்லை. சங்கத் தலைவர் அன்று சாயந்திரமே டிவியில் வந்து, ஸ்ட்ரைக் முடிந்தது, இது இரு தரப்புக்கும் வெற்றி என்றார். கூலிங்கிளாஸ் புதுசு.

கையெழுத்து வாங்க வந்தபோது ஹரீஷ் சொன்னதை கஜா அப்பாவிடம் பிறகு சொன்னான். சட்டையைச் சுத்தம் பண்ணிட்டோம் கஜா, அந்த ஹாரன் பிசிறு இனி வராது. அந்த இடத்த காலியா விட்டா திரும்ப எதாவது ஒட்டிக்கும், அதனால வேற ஒண்ணு வெச்சிருக்கோம், யார் என்ன ஊதினாலும் இனி கால் பந்தை விடாது. கொஞ்ச நாள் ஆடலை இல்லையா, சட்டையப் போட்டுட்டுப் பிராக்டிஸ் பண்ணுங்க, பழசு திரும்ப வந்துடும்.

"இன்னாடா சொல்றான் அந்தாளு?" என்று கேட்டார் எத்திராஜ்.

"இன்னாமோ சொல்றான். அவன் பேச்ச யாரு கேட்டா?"

சீசன் பாதி ஓடியது. சுறா ஜெயித்தது, தோற்றது. கஜா சட்டையை மாட்டினான், கழற்றினான். எத்திராஜ் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு யார்டு கிரவுண்டில் தெரு ஆட்டம் வைத்தார்கள். சுறா டீமிலிருந்து கஜா மட்டும் வந்தான். வெறும் கால், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். பாம்புச் சட்டை இல்லை, பேர் இல்லை, நம்பர் இல்லை. தாமுவைப் பிளாஸ்டிக் சேரில் தூக்கி வந்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள், மடங்காத கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் அவன்தான். விசில் ஊதியதைவிடக் கெட்ட வார்த்தை பேசியது அதிகம்.

"டேய் கஜா, இன்னாடா ஆட்டம் இது! என் கால்ல இத்த விட நல்லா ஆடுன நீ!"

எல்லாரும் சிரித்தார்கள். கஜாவும் கோணல் பல் தெரியச் சிரித்தான். மேற்கு கோல்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எத்திராஜுக்கும், பல மாதங்களுக்குப் பிறகு, வாயில் கசப்பில்லாமல் இருந்தது.

யாரோ அடித்த பந்து கோலுக்கு வெளியே, லைன் பக்கமாக உருண்டது. எஞ்சின் கூவியது.

ஆட்டம் நின்றது. பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள், வேடிக்கை பார்த்தவர்கள், நாய்கூட நின்றது. தாமு சேரில் விசிலை வாயில் வைத்தபடி உறைந்தான்.

கஜா ஓடினான்.

"டேய்!" என்றார் எத்திராஜ். "டேய், கூவுதுடா!"

கஜாவின் முகம் அவரைத்தான் பார்த்தது. முகத்தில் பயம் தெரிந்தது. கீழே கால் முகத்தைக் கேட்கவில்லை, முன்னைவிட வேகமாகப் பந்தைத் துரத்தியது. கோல்போஸ்ட்டைத் தாண்டுகிற நொடியில் கஜா இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்தான். உடம்பு கம்பத்தைச் சுற்றியது. மண்ணைப் பறித்துக்கொண்டு கால் ஓடிக்கொண்டே இருந்தது.

"நைனா! நிக்க மாட்டேங்குது! நைனா!"

எத்திராஜ் பாய்ந்து விழுந்து, ஹார்பரில் மூட்டையைக் கட்டிப் பிடிப்பது போல அந்த இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார். பக்கத்தில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கிரவுண்டில் ஒருவரும் நகரவில்லை, நகரக்கூடாது. மேலே பிள்ளை அழுதுகொண்டிருந்தான். கீழே முதலாளியின் கால் அவர் நெஞ்சில் உதைத்துக்கொண்டே இருந்தது.